விலையுயர்ந்த ரீஇஷ்யூ எலெக்ட்ரிக் கிட்டார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிப்சன், ஃபெண்டர் கம்பெனிகளின் கஸ்டம் ஷாப் (உயர்விலைக் கிட்டார்களைத் தனியாகச் செய்யும் பிரிவு) கிட்டார் ஒன்றுக்காகப் பல வருஷம் காசு சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். கடைசியில் ஒரு புகைப்படத்தையும் ஒரு பெயரையும் நம்பி வாங்கிவிட்டு, வாசிக்கும்போது ஏதோ உதைக்கிறதே என்று தவிப்பதையும் பார்க்கிறேன். அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இந்தக் கிட்டார்களின் விலையில் பெரும்பங்கு வரலாற்றுத் துல்லியத்துக்குப் போகிறது. விரலுக்கு வசதியாக இருக்கிறதா என்பது வேறு விஷயம், அதைத் தனியாகச் சோதித்துத்தான் ஆக வேண்டும்.

ரீஇஷ்யூ என்று எதைச் சொல்கிறார்கள்?

ஒரு காலத்தில் செய்து நிறுத்திய மாடலை, அந்தக் குறிப்பிட்ட வருஷத்தின் அளவுகளோடும் பாகங்களோடும் அதே கம்பெனி மறுபடி செய்து விற்பதை.

கிப்சனின் லெஸ் பால் மாடல் 1952-ல் தங்க நிற முகப்போடும் பி-90 பிக்கப்களோடும் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தப் பாகங்கள்) வந்தது. 1957-ல் சேத் லவர் வடிவமைத்த ஹம்பக்கர், அதாவது ஹம் என்ற இரைச்சலை அடக்கும் இரட்டைக் காயில் பிக்கப், அதில் ஏறியது. 1958-ல் தங்க நிறம் போய் செர்ரி சன்பர்ஸ்ட் (நடுவில் வெளிர்ந்து ஓரத்தில் சிவக்கும் பூச்சு) வந்தது. விற்பனை சொல்லிக்கொள்ளும்படி இல்லை. 1960-ஓடு நிறுத்திவிட்டு, இன்று எஸ்ஜி என்று நாம் சொல்லும் வடிவத்துக்கு 1961-ல் மாறிவிட்டார்கள். அந்த மூன்று வருஷத்தில் மிச்சிகனின் கலமசூ ஆலையிலிருந்து வந்த சன்பர்ஸ்ட்கள் சுமார் 1,500தான். 1966 வாக்கில் எரிக் கிளாப்டன் ஒரு லெஸ் பாலை மார்ஷல் ஆம்பில் செருகி முழு வால்யூமில் வாசித்ததைக் கேட்ட பிறகுதான், ஐயோ இதை விட்டுவிட்டோமே என்று எல்லாரும் தேடத் தொடங்கினார்கள். 1968-ல் கிப்சன் லெஸ் பாலைத் திரும்பக் கொண்டுவந்தாலும் அது அந்தப் பழைய சன்பர்ஸ்ட் இல்லை. 1970-களிலிருந்து சில அமெரிக்கக் கடைக்காரர்களே 1959 போலச் செய்து தாருங்கள் என்று தனியாக ஆர்டர் கொடுத்தார்கள். 1993-ல் நாஷ்வில் கஸ்டம் ஷாப் இதை முறையான வரிசையாக்கியது.

ஃபெண்டர் கதை வேறு. 1965 ஜனவரியில் லியோ ஃபெண்டரின் கம்பெனியை சிபிஎஸ் ஒலிபரப்பு நிறுவனம் 1.3 கோடி டாலருக்கு வாங்கியது. அதன் பிறகு தரம் இறங்கியது என்ற பேச்சு வளர்ந்து, சிபிஎஸ்ஸுக்கு முந்தைய கிட்டார்களின் விலை ஏறியது. 1982-ல் ஃபெண்டரே '57, '62 ஸ்ட்ராட்டோகாஸ்டர்களையும் (சுருக்கமாக ஸ்ட்ராட்) '52 டெலிகாஸ்டரையும் திரும்ப வெளியிட்டது. அதே வருஷம் ஜப்பானில் ஃபுஜிஜென் ஆலையிலும் ரீஇஷ்யூக்கள் தொடங்கின. கலிஃபோர்னியாவின் கொரோனாவில் கஸ்டம் ஷாப் வந்தது 1987-ல்.

ஆர்8, ஆர்9, ஆர்0 என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

1958, 1959, 1960 லெஸ் பால் ரீஇஷ்யூக்களின் செல்லப்பெயர்கள். ஹெட்ஸ்டாக்கின் (டியூனர்கள் இருக்கும் தலைப்பகுதி) பின்னால் மையால் அடித்த எண்ணில் முதல் இலக்கம் எந்த வருஷத்து மாடல் என்று சொல்லும்: 8, 9, 0. அடுத்த இலக்கம் தயாரித்த வருஷத்தின் கடைசி எண். '9 3' என்று தொடங்கினால் 1959 மாடல். தயாரித்தது 1993, 2003, 2013, 2023-ல் ஒன்று. எது என்பதைச் சான்றிதழையும் பாகங்களையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கையில் தெரியும் வித்தியாசம் நெக்கில், அதாவது விரல் வைத்துப் பிடிக்கும் கழுத்துப் பகுதியில்தான். ஆர்8 தடிமன். ஆர்9 உருண்டையாக, கைநிறைய இருக்கும், ஆனால் உறுத்தாது. ஆர்0 மெல்லியது. மற்றபடி மரம், பிக்கப், ஒட்டும் முறை எல்லாம் ஏறக்குறைய ஒன்றே. ஆர்9-க்கு ஆர்8-ஐவிட அதிக விலை வைப்பதற்கு முகப்பு மேப்பிளின் வரியோட்டம் ஒரு காரணம், 1959 என்ற எண்ணுக்கு இருக்கும் மவுசு இன்னொரு காரணம். வரியோட்டம் ஆம்ப் வழியாகக் கேட்காது. பெரிய நெக் பிடிக்கும் என்றால் சாதாரண வரியோட்டமுள்ள நல்ல ஆர்8 இந்த வரிசையிலேயே புத்திசாலித்தனமான கொள்முதல் என்பது என் கருத்து.

இவ்வளவு விலை எதற்கு? பணம் எங்கே போகிறது?

புது ஆர்9 அமெரிக்காவிலேயே ஆறாயிரம் டாலரைத் தாண்டும். மர்ஃபி லேபில் (கிட்டாரைப் பழையதுபோல் ஆக்கும் கிப்சனின் பிரிவு) பழமையாக்கியது என்றால் இன்னும் மேலே. நாம் இங்கே சுங்க வரியையும் ஜிஎஸ்டியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் செலவு மரம்: எடை குறைந்த, துளைபோட்டுக் குறைக்காத முழு மஹோகனி உடல், பொறுக்கியெடுத்த மேப்பிள். அடுத்தது கைவேலை. நெக்கின் முனை உடலுக்குள் நீளமாகப் போய் உட்காரும் பழைய இணைப்பு, விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் பசை, மெல்லிய நைட்ரோசெல்லுலோஸ் (நைட்ரோ) பூச்சு, இவை எல்லாம் நேரம் பிடிப்பவை. மூன்றாவது, நுணுக்கமான நகல்: 1959-க்கு டியூனர் குமிழில் ஒற்றை வளையம், 1960-க்கு இரட்டை வளையம் என்ற அளவுக்குப் போகிறார்கள். நான்காவது பெயர்.

இந்த நான்கில் முதல் இரண்டு சத்தத்தையும் கையுணர்வையும் ஓரளவு தொடும். பின்னிரண்டும் மனத்தைத் தொடும். மனத்துக்குச் செலவு செய்வது தவறென்று சொல்ல மாட்டேன், பிடித்த கிட்டாரை எடுத்து வாசிக்கத் தோன்றுவதும் பெரிய விஷயம். ஆனால் ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) சமமாக இருப்பதும் நட் (தலைப்பக்கம் தந்திகள் படியும் பள்ளமிட்ட பட்டை) சரியாக வெட்டியிருப்பதும் இந்தப் பட்டியலில் எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

விலை கூடினால் வாசிக்கவும் நன்றாகத்தானே இருக்க வேண்டும்?

இருக்க வேண்டும். பெரும்பாலும் இருக்கவும் செய்கிறது. உறுதி கொடுக்க முடியாது. மரம் நாஷ்வில்லிலிருந்து கிளம்பும்போது ஒரு நிலை, கன்டெய்னரில் ஒரு நிலை, கடைச் சுவரில் ஏசிக்கு அடியில் ஆறு மாதம் தொங்கிய பின் வேறு நிலை. ஆலையில் செய்த செட்டப் (நெக், தந்தி உயரம் போன்றவற்றைச் சீர்செய்வது) அதற்குள் நகர்ந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. வரலாற்றுத் துல்லியமே சில சமயம் வாசிக்கும் வசதிக்கு எதிராகப் போகும். ஐம்பதுகளில் செய்தவர்கள் தடித்த தந்தியையும், தந்தி ஃப்ரெட்டிலிருந்து விலகி நிற்கும் உயரமான ஆக்‌ஷனையும் மனத்தில் வைத்துச் செய்தார்கள். ஃபெண்டரின் 7.25 அங்குல ஃப்ரெட்போர்டு வளைவு, நெக்கைக் கழற்றாமல் திருப்ப முடியாத ட்ரஸ் ராட் (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் கம்பி), மெழுகில் நனைக்காத பிக்கப், நடுவில் தொய்யும் பிரிட்ஜ் (உடலில் தந்திகள் படியும் பாகம்) எல்லாம் அசலில் இருந்தவை, அதனால் நகலிலும் இருக்கின்றன. இவற்றைத் தெரிந்து வாங்குபவருக்குச் சிக்கலில்லை. தெரியாமல் வாங்குபவர்தான் கிட்டாரில் கோளாறு என்று நினைக்கிறார்.

கடையில் கையில் கொடுத்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஆம்பில் செருகாதீர்கள். கடைக்காரர் கேபிளோடு வந்தால் ஐந்து நிமிடம் பொறுக்கச் சொல்லுங்கள்.

ட்யூன் செய்துவிட்டு, ஒவ்வொரு தந்தியிலும் திறந்த ஸ்வரத்திலிருந்து கடைசி ஃப்ரெட் வரை ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி, ஒரே பலத்தில் மீட்டி, ஒலி தானாக அடங்கும்வரை விடுங்கள். சலிப்பான வேலை, ஆனால் இதைவிட உண்மை பேசும் சோதனை கிடையாது. கரகரப்பு எங்கே, அடுத்த ஃப்ரெட்டின் ஸ்வரமே கேட்கும் இடம் எது, சட்டென்று செத்துப்போகும் ஸ்வரம் எது என்று எல்லாம் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த 'செத்த இடம்' பற்றி ஒரு வார்த்தை. ஃபெண்டர் வகை போல்ட் நெக்கில் ஜி தந்தியின் 5, 6, 7-வது ஃப்ரெட்களில் இது அடிக்கடி வரும். அந்த ஸ்வரத்தின் அதிர்வெண்ணும் நெக் தானே ஆடும் அதிர்வெண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டால், தந்தியின் சக்தியை நெக் குடித்துவிடுகிறது. கொஞ்சமாக இருந்தால் அந்த இனத்தின் இயல்பு என்று ஏற்கலாம். ஸ்வரம் இரண்டு வினாடியில் அணைந்தால் வேறு கிட்டாரைக் கேளுங்கள். ஹெட்ஸ்டாக்கில் ஒரு கிளாம்ப் மாட்டிப் பார்த்தால் செத்த இடம் அரை ஸ்வரம் நகர்வதைக் கேட்கலாம். இதை எந்தச் செட்டப்பும் முழுசாகத் தீர்க்காது.

ஆம்பில் செருகாமலே கையில் அதிர்வு தெரிகிற, வயிற்றில் உணர முடிகிற கிட்டார் நல்ல அறிகுறி. அது மட்டுமே போதாது.

நெக் நேராக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

முதல் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போடுங்கள். தடித்த ஈ தந்தியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடியுங்கள். இப்போது தந்தியே அளவுகோல். 7, 8-வது ஃப்ரெட்டின் உச்சிக்கும் தந்திக்கும் நடுவே 0.15 முதல் 0.25 மி.மீ. இடைவெளி இருந்தால் நல்லது. ஒரு விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தால் வளைவு அதிகம். இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் நெக் பின்பக்கம் வளைந்திருக்கலாம். இரண்டையும் ட்ரஸ் ராட் சரிசெய்யும், பயப்பட வேண்டாம். ஆனால் அந்த ராடைத் திருப்பும் முனை இன்னும் திரும்புகிறதா, ஏற்கெனவே முழுக்க முறுக்கியாகிவிட்டதா என்று கடைக்காரர் முன்னாலேயே பாருங்கள். கிப்சனில் இது ஹெட்ஸ்டாக் மூடிக்கு அடியில் இருக்கும், எளிது. பழையபடி செய்த ஃபெண்டரில் உடல் பக்க முனையில் இருக்கும்.

அடுத்தது முறுக்கு. கிட்டாரின் உடலைத் தூக்கிப் பிடித்து, ஹெட்ஸ்டாக்கிலிருந்து ஒரு கண்ணை மூடி ஃப்ரெட்போர்டின் இரண்டு ஓரங்களையும் பாருங்கள். ஒரு ஓரம் நேராகவும் மறு ஓரம் வளைந்தும் போனால் முறுக்கு. அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, பலர் தவறவிடுவது: நெக் உடலோடு சேரும் இடத்துக்குப் பிறகு ஃப்ரெட்போர்டு மேல்நோக்கி எழும்பியிருப்பது. லெஸ் பாலில் 16-வது ஃப்ரெட்டுக்கு மேலே பார்க்க வேண்டும். அறிகுறி தெளிவானது. 12-வது ஃப்ரெட் வரை அருமையாக வாசிக்கும், 15-ல் தந்தியைப் பக்கவாட்டில் தள்ளி பெண்ட் செய்தால் மட்டும் ஸ்வரம் திணறும். ஆக்‌ஷனை உயர்த்தினால் சரியாகிவிட்டதுபோல் தோன்றும், ஆனால் கிட்டார் முழுக்க கடினமாகிவிடும். கைதேர்ந்தவர் ஃப்ரெட்டைச் சமப்படுத்தினால் லேசான எழும்பல் தீரும். அதிகமாக இருந்தால் ஃப்ரெட்டைப் பிடுங்கி போர்டை இழைக்க வேண்டியிருக்கும். இந்த விலைக்குப் புதுக் கிட்டாரில் அதை ஏற்கத் தேவையில்லை.

ஃப்ரெட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

ஓரத்தில் விரலை ஓட்டுங்கள், குத்தக் கூடாது. உச்சிகள் உருண்டையாக, மினுமினுப்பாக இருக்கட்டும். பெண்ட் செய்யும்போது மணலில் தேய்ப்பதுபோல் இருந்தால் பாலிஷ் போதவில்லை. அது அரைநாள் வேலை.

ஏற்கெனவே வாசித்த கிட்டாராக இருந்தால் ஃப்ரெட்டில் மீதமிருக்கும் உயரத்தைக் கேளுங்கள். ஃபெண்டரின் பழைய பாணி ஃப்ரெட்கள் புதிதிலேயே ஒரு மி.மீ. சுற்றித்தான் இருக்கும். இரண்டு முறை சமப்படுத்தியிருந்தால் அடுத்தது ரீஃப்ரெட்தான், அதாவது ஃப்ரெட்டையே மாற்றுவது. அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

ஜி தந்தி மட்டும் சுருதியில் நிற்கவே மாட்டேன் என்கிறதே, டியூனரை மாற்றவா?

மாற்றாதீர்கள். முக்கால்வாசி நேரம் குற்றவாளி நட்.

கிப்சன் ஹெட்ஸ்டாக் சுமார் 17 பாகை பின்னால் சாய்ந்திருக்கிறது. டியூனர்கள் பக்கத்துக்கு மூன்று. அதனால் டி, ஜி தந்திகள் நட்டைத் தாண்டியதும் வெளிப்பக்கமாகத் திரும்பிப் போகின்றன. பள்ளம் சற்று இறுக்கமாக இருந்தாலும் தந்தி அங்கே மாட்டிக்கொள்ளும். ட்யூன் செய்யும்போது 'டிங்' என்று ஒரு சிறு சத்தம் கேட்டால் அதுதான் தந்தி விடுபடும் சத்தம். பள்ளத்தைச் சரியான அரத்தால் ஒரு இழை அகலப்படுத்தி, டியூனரின் திசைக்கு லேசாகச் சாய்த்துவிட்டால் பெரும்பாலும் தீர்ந்தது. கொஞ்சம் பென்சில் கரி தடவினாலும் உதவும்.

உயரத்துக்கான சோதனை: தந்தியை 2, 3-வது ஃப்ரெட்டுக்கு நடுவே அழுத்திவிட்டு முதல் ஃப்ரெட்டுக்கு மேலே விரல்நுனியால் தட்டுங்கள். மெலிதாக 'டக்' என்று தட்டுப்பட வேண்டும், கண்ணுக்கு இடைவெளி தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும். அசையவே இல்லை என்றால் பள்ளம் ஆழமாகிவிட்டது, திறந்த தந்தி கரகரக்கும். இடைவெளி பளிச்சென்று தெரிந்தால் உயரம் அதிகம். முதல் மூன்று ஃப்ரெட் கார்டுகள் எவ்வளவு ட்யூன் செய்தாலும் சுருதி ஏறியே ஒலிக்கும், எஃப் பார் கார்டு கையை நோகடிக்கும். புதுக் கிட்டார்களில் உயரம் அதிகமாக இருப்பதுதான் சாதாரணம், ஆழத்தை வெட்டிக்கொள்ளலாம் என்று ஆலையில் மிச்சம் விடுகிறார்கள்.

'62 ஸ்ட்ராட்டில் பெண்ட் செய்தால் ஸ்வரம் செத்துவிடுகிறது. பழுதா?

பழுதில்லை. 7.25 அங்குல வளைவு, அதாவது சுமார் 184 மி.மீ. ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. லெஸ் பாலின் 12 அங்குலத்தோடு ஒப்பிட்டால் போர்டு நன்றாகவே உருண்டு நிற்கும். முதல் ஃப்ரெட்களில் பார் கார்டு பிடிக்க இது சொர்க்கம், விரல் தானாகப் படியும். ஆனால் மேலே 12-க்குப் பிறகு மெல்லிய தந்தியை ஒரு முழு ஸ்வரம் தள்ளும்போது அது வளைவின் முகட்டை நோக்கி ஏறுகிறது. ஆக்‌ஷன் தாழ்வாக இருந்தால் மேலுள்ள ஃப்ரெட்டில் முட்டி நின்றுவிடும்.

தீர்வு இரண்டு. 12-வது ஃப்ரெட்டில் மெல்லிய ஈ தந்தியின் ஆக்‌ஷனை 1.8 முதல் 2 மி.மீ. வரை வைத்துப் பழகுவது ஒன்று. மேல் ஃப்ரெட்களை மட்டும் நடுவில் கொஞ்சம் தட்டையாகச் சமப்படுத்தச் சொல்வது இன்னொன்று. 1.3 மி.மீ. ஆக்‌ஷனில் பெரிய பெண்ட் அடிப்பதுதான் உங்கள் வாசிப்பு என்றால், துல்லியமான '62 நகல் உங்களுக்கான கருவியில்லை. கஸ்டம் ஷாப்பிலேயே 9.5 அங்குல வளைவோடு செய்தவை கிடைக்கின்றன. வரலாற்றுப் பிரியர்கள் முகம் சுளிப்பார்கள், கண்டுகொள்ள வேண்டாம்.

உண்மையான '59 நெக் எப்படி இருக்கும்?

ஒரே ஒரு '59 நெக் என்று ஒன்று இருந்ததே இல்லை. கையால் இழைத்தவை, ஒவ்வொன்றும் ஒரு விதம். ஜிம்மி பேஜ் 1969-ல் ஜோ வால்ஷிடம் வாங்கிய 1959 லெஸ் பால் உலகப் புகழ் பெற்றது. அதன் நெக் அவர் கைக்கு வருவதற்கு முன்பே இழைத்து மெல்லியதாக்கப்பட்டது. ஆகவே 'அசல் உணர்வு' என்ற பேச்சைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள்.

இன்றைய ஆர்9 முதல் ஃப்ரெட்டில் சுமார் 23 மி.மீ., 12-வதில் சுமார் 25 மி.மீ. தடிமன் இருக்கும். எண்ணைவிடத் தோள்பட்டை வடிவம் முக்கியம். ஒரே தடிமனில் பக்கங்கள் சரிந்திருந்தால் சிறியதாகத் தோன்றும், நிமிர்ந்திருந்தால் கட்டைபோல் இருக்கும். நின்றுகொண்டு, ஸ்ட்ராப் போட்டு, கால் மணி நேரமாவது வாசியுங்கள். கட்டைவிரல் அடியில் வலி வருகிறதா என்பது ஐந்து நிமிடத்தில் தெரியாது.

எடை எவ்வளவு இருந்தால் நல்லது?

லெஸ் பாலுக்கு 3.7 முதல் 4.1 கிலோ, ஸ்ட்ராட்டுக்கு 3.2 முதல் 3.6 கிலோ சுகமானது. எடை குறைவென்றால் ஒலி உயர்வு என்று விற்பார்கள். 4.2 கிலோவில் அற்புதமாகப் பாடும் லெஸ் பால்கள் உண்டு. எடை உங்கள் தோளைப் பற்றிய கேள்வி, அவ்வளவுதான்.

பிரிட்ஜில் ஏதாவது பார்க்க வேண்டுமா?

லெஸ் பாலின் ஏபிஆர்-1 பிரிட்ஜின் இரண்டு திருகுகளும் நேராக மரத்தில் இறங்குகின்றன. அவை முன்பக்கம் சாய்ந்திருக்கின்றனவா என்று பக்கவாட்டில் பாருங்கள். பிரிட்ஜின் நடு தொய்ந்திருந்தால் டி, ஜி தந்திகள் மற்றவற்றைவிடத் தாழ்ந்து நிற்கும். ஆக்‌ஷன் சரியாக இருந்தும் நடுத்தந்திகள் மட்டும் கரகரத்தால் இதைச் சந்தேகியுங்கள். பிரிட்ஜை மாற்றுவது எளிது.

கவலைப்பட வேண்டியது வேறு: நல்ல ஆக்‌ஷனுக்கு வரும்போது பிரிட்ஜ் உடலில் படுத்துக்கொண்டிருந்தால் நெக் ஒட்டிய கோணம் தப்பு. ஒட்டிய நெக்கில் இதைச் சரிசெய்வது பெரிய அறுவைச் சிகிச்சை. வேண்டாம்.

பிக்கப் 'பிஏஎஃப் நகல்' என்றால் சத்தம் அசல்போல இருக்குமா?

1957-லிருந்து 1962 வாக்கு வரை வந்த ஹம்பக்கர்களின் அடியில் 'காப்புரிமை கோரப்பட்டுள்ளது' என்ற ஸ்டிக்கர் இருக்கும். அதன் ஆங்கில எழுத்துகளின் சுருக்கமே பிஏஎஃப். அவற்றிலும் காந்தவகை ஒன்றல்ல, சுற்றுகளின் எண்ணிக்கையும் ஒன்றல்ல. ஒரு காயிலைவிட மறு காயிலில் கம்பி கூடிப்போனதும் உண்டு. எந்த அசலைப்போல என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

கிப்சனின் கஸ்டம்பக்கர் மெழுகில் நனைக்காதது, பழைய முறைப்படி. குறைந்த கெயினில் (ஆம்ப் ஒலியை உடைக்கும் அளவு) காற்றோட்டமாக, மீட்டலின் ஒவ்வொரு அசைவையும் காட்டும். அதிகக் கெயினில் ஆம்புக்குப் பக்கத்தில் நின்றால் கீச்சிடும். நீங்கள் மெட்டல் வாசிப்பவரென்றால் உங்கள் கெயின் அளவிலேயே கடையில் சோதித்துவிடுங்கள். அதைத் தவறு என்று பின்னால் வாரண்டியில் கேட்க முடியாது.

சோதிக்கும்போது வால்யூமை 10-லிருந்து 6-க்கு இறக்கிப் பாருங்கள். சத்தம் குறைந்தாலும் மேல்ஸ்தாயித் தெளிவு நிற்கிறதா? நல்ல ரீஇஷ்யூவின் சுகம் இங்கேதான் இருக்கிறது. ஒரே கிட்டாரில், பெடலே இல்லாமல், குமிழை மட்டும் திருப்பி ரிதமிலிருந்து லீடுக்குப் போக முடிய வேண்டும்.

பழையபடி செய்த ஸ்ட்ராட்டில் நடுப் பிக்கப் எதிர்ச்சுற்றாக இருக்காது, ஆகவே இரண்டு பிக்கப் சேர்ந்தாலும் ஹம் போகாது. நெக் பிக்கப்பை மிகவும் உயர்த்தினால் காந்தம் தடித்த தந்தியை இழுத்து, ஒரே ஸ்வரம் இரண்டுபோல அலையும். திருகைத் தளர்த்தினால் சரி.

பிரேசிலியன் ரோஸ்வுட் இல்லையென்றால் மதிப்பு குறைவா?

சேகரிப்பாளருக்கு ஆம். வாசிப்பவருக்கு இல்லை. பிரேசிலியன் ரோஸ்வுட் 1992-லிருந்து, அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. அதைப் போட்ட கிட்டாரை நாடு விட்டு நாடு கொண்டுபோவதே பெரும்பாடு.

இப்போதைய ரீஇஷ்யூக்களில் பெரும்பாலும் இந்திய ரோஸ்வுட். கூடலூரிலும் வயநாட்டிலும் வளரும் நம்முடைய ஈட்டி மரம்தான் அது. 1959-ன் அமெரிக்காவை நகலெடுக்கும் கிட்டாரில் விரல் படுவது மேற்குத்தொடர்ச்சி மலையின் மரத்தில் என்பது எனக்கு எப்போதும் சந்தோஷம் தரும் விஷயம். 2017-ல் ரோஸ்வுட் இனம் முழுவதும் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது கிட்டார் அனுப்புவது தலைவலியானது. 2019 இறுதியில் முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது, பிரேசிலியனுக்கு மட்டும் இல்லை.

2011-ல் அமெரிக்க அதிகாரிகள் மர இறக்குமதி தொடர்பாக கிப்சனில் சோதனை நடத்தினார்கள். 2012-ல் மூன்று லட்சம் டாலர் அபராதத்தோடு அது முடிந்தது. அந்தக் காலகட்டத்துச் சில கிப்சன்களில் இரண்டு அடுக்காக ஒட்டிய போர்டு இருக்கும். வாசிக்கக் கெடுதலில்லை, விற்கும்போது கேள்வி வரும்.

ரெலிக், மர்ஃபி லேப் போன்றவை வேண்டுமா?

புதுக் கிட்டாரைப் பழையதுபோல் தேய்த்து விற்பதை ஃபெண்டர் 1995-ல் ரெலிக் என்ற பெயரில் தொடங்கியது. கிப்சனில் டாம் மர்ஃபியின் பெயரில் மர்ஃபி லேப் 2021-ல் முழு வரிசையாக வந்தது. கீறலுக்கும் துருவுக்கும் காசு கொடுப்பதா என்று சிலருக்குக் கோபம் வரும்.

எனக்கு ஒரே ஒரு காரணம் ஏற்புடையது: நெக்கின் பின்பக்கமும் ஃப்ரெட்போர்டு ஓரமும். நல்ல ரெலிக்கில் ஓரங்கள் உருட்டி, பின்பக்கப் பூச்சு தேய்த்து, பல வருஷம் வாசித்ததுபோல் விட்டிருப்பார்கள். வியர்க்கும் கையில் புது நைட்ரோ பூச்சு ஒட்டும், தேய்த்த நெக் வழுக்கிக்கொண்டு போகும். லேசாகப் பழமையாக்கியதே போதும். கனமான ரெலிக்கில் கூடுதல் விலை முழுக்கத் தோற்றத்துக்கு.

சென்னை ஈரப்பதத்துக்கு இவை தாங்குமா?

தாங்கும், கவனம் வேண்டும். இவை 45, 50 சதவீத ஈரப்பதத்தில் கட்டப்பட்டவை. நம் கடற்கரை ஊர்களில் 70, 80 என்று போகும், ஏசி போட்டால் சடசடவென்று இறங்கும். வந்து சேர்ந்ததும் பெட்டியை உடனே திறக்காமல் ஒரு நாள் அறையிலேயே விடுங்கள். செட்டப்பை ஒரு வாரம் கழித்துச் செய்யுங்கள். நெக் அதற்குள் ஒரு நிலைக்கு வந்துவிடும். ஒரு ஹைக்ரோமீட்டரும், பெட்டிக்குள் போட ஈரப்பதம் சமன்செய்யும் பொட்டலமும் வாங்குங்கள்.

ரப்பர், ஃபோம் போட்ட ஸ்டாண்டில் நைட்ரோ பூச்சுள்ள கிட்டாரை வைக்காதீர்கள். வேதிவினையில் பூச்சு உருகித் தழும்பாகும். பருத்தித் துணி சுற்றுங்கள்.

ஆன்லைனில் வாங்கினால் போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

லெஸ் பாலில் ட்ரஸ் ராட் மூடிக்கு இரண்டு திருகு. மூன்று இருந்தால் அசல் மூடியில்லை. மூடியைக் கழற்றினால் அறுகோண நட் தெரிய வேண்டும். ஆலன் சாவி நுழையும் துளை இருந்தால் விலகுங்கள். நெக் பிக்கப்பின் சட்டத்தைத் திறந்து படம் கேளுங்கள். கஸ்டம் ஷாப் ரீஇஷ்யூ என்றால் நெக் மரத்தின் நாக்கு பிக்கப் குழிக்குள் நீண்டு வந்து உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். இதை மறைத்து ஏமாற்றுவது கடினம். சான்றிதழை அச்சடிப்பது எளிது, அதை மட்டும் நம்ப வேண்டாம்.

ஹெட்ஸ்டாக் பின்புறம் நட்டுக்குக் கீழே பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் கேட்க மறக்காதீர்கள். சாய்ந்த மஹோகனி, நடுவில் ராடுக்காகக் குடைந்த பள்ளம்: லெஸ் பால் உடைவது அங்கேதான். நன்றாக ஒட்டியது வாசிக்கக் குறையே இல்லை, ஆனால் விலை பாதிக்கு இறங்க வேண்டும்.

எந்தக் குறைக்காக மறுக்க வேண்டும்?

நட், ஆக்‌ஷன், இன்டொனேஷன் (மேல் ஃப்ரெட்களிலும் சுருதி சேர்வது), பாலிஷ் இல்லாத ஃப்ரெட், பிக்கப் உயரம், பிரிட்ஜ் தொய்வு, கரகரக்கும் குமிழ்: இவற்றுக்காக நல்ல கிட்டாரை விடாதீர்கள். பேரம் பேச வசதி. முறுக்கிய நெக், தீர்ந்துபோன ட்ரஸ் ராட், தவறான நெக் கோணம், பெரிய எழும்பல், வாசிக்கும் இடத்திலேயே செத்த ஸ்வரம், சொல்லாமல் மறைத்த உடைவு: இவற்றில் ஒன்று இருந்தாலும், எவ்வளவு அழகான சன்பர்ஸ்ட்டாக இருந்தாலும், கீழே வைத்துவிடுங்கள்.

சாதாரண தொழிற்சாலை மாடலே போதாதா?

பலருக்குப் போதும். கிப்சனின் லெஸ் பால் ஸ்டாண்டர்ட் '50ஸ் துளைபோடாத மஹோகனி உடலும் தடித்த நெக்குமாக ஆர்9-ன் பாதி விலைக்குக் கீழே கிடைக்கிறது. ஃபெண்டரில் 2022-ல் வந்த அமெரிக்கன் விண்டேஜ் II வரிசை அளவுகளில் மிக நேர்மையானது. இரண்டையும் நல்ல டெக்னீஷியனிடம் கொடுத்து ஃப்ரெட்டும் நட்டும் சரிசெய்து வாங்கினால், செட்டப் கலைந்த கஸ்டம் ஷாப்பைவிட வாசிக்க நன்றாக இருக்கும். முடிந்தால் உங்கள் சொந்தக் கிட்டாரையும் கடைக்கு எடுத்துப்போங்கள். ஒரே ஆம்பில், ஒரே கெயினில், இரண்டையும் மாற்றி மாற்றி வாசியுங்கள். கடையின் பெரிய ஆம்பில் எந்தக் கிட்டாரும் நன்றாகக் கேட்கும். சொந்தக் கிட்டார் பக்கத்தில் இருந்தால்தான் கூடுதல் லட்சங்களுக்கு எது கிடைக்கிறது என்று காதுக்கும் கைக்கும் பிடிபடும்.